தற்சார்பாக வாழும் நண்பர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போவது எப்படி

நகரத்து வேலையை விட்டுவிட்டு, மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டிக்கு மேற்கேயோ பேரையூர், சாப்டூர் பக்கம் மலையடிவாரத்திலோ நான்கைந்து ஏக்கர் மானாவாரி நிலத்தில் குடியேறி, தமக்கு வேண்டிய தானியம், பருப்பு, எண்ணெய், பால், தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றில் பெரும்பகுதியைத் தாமே உண்டாக்கிக்கொள்ளும் நண்பர் உங்களுக்கு இருந்தால், அவர் என்றாவது ஒரு நாள் "குடும்பத்தோட வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க" என்று அழைக்கத்தான் போகிறார். தாராளமாகப் போகலாம். ஆனால் கடையில் வாங்கி வாழும் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கூடுதலாகச் செலவாவது பணம். அது அடுத்த மாதச் சம்பளத்தில் ஈடாகிவிடும். இந்த வீட்டில் செலவாவது தொட்டித் தண்ணீர், குலுக்கையில் இருக்கும் தானியம், பேட்டரியில் சேர்ந்த மின்சாரம், வீட்டில் உள்ளவர்களின் உடல் உழைப்பு. இவற்றுள் சில, அடுத்த மழைக்காலம் வரை எவ்வளவு பணம் கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காதவை. இதை நண்பர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். "இன்னும் ரெண்டு செம்பு ஊத்திக் குளிங்க" என்றுதான் சொல்வார். ஆகவே கணக்குப் போட வேண்டியவர் போகிறவர்தான்.

எப்போது போவது

மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரையிலான காலம் எல்லா வகையிலும் நல்லது. மழைநீர்த் தொட்டி நிறைந்திருக்கும், கண்மாயில் தண்ணீர் கிடக்கும், கம்பும் குதிரைவாலியும் அறுப்புக்கு வந்திருக்கும், மொச்சை காய்த்திருக்கும், வெயிலும் தாங்கும்படி இருக்கும். புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் விதைப்பு நடக்கும். ஒரு மழை பெய்து ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும் என்பதால், வேலை செய்ய வருகிறவர்களைத் தவிர வேறு யாரும் அப்போது போகாமல் இருப்பதே நட்பு. கார்த்திகையில் கரிசல் நிலத்துப் பாதைகள் வேறொரு தொல்லையைத் தரும். ஈரக் கரிசல் மண் இரு சக்கர வண்டியின் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே அப்பிக்கொண்டு, நூறு அடி போவதற்குள் சக்கரத்தைச் சுற்றவிடாமல் பிடித்துவிடும். குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தால் அடுத்த நூறு அடியில் அதே கதைதான்.

சித்திரையில் போக வேண்டாம். அழகர் ஆற்றில் இறங்கும் நாளை ஒட்டி மதுரைக்குள் நுழைவதும் வெளியேறுவதுமே பெரும்பாடு. அதற்குப் பிறகு அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிடும். தொட்டித் தண்ணீரும் குறைந்துகொண்டிருக்கும்.

எத்தனை பேர் போவது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நான்கு பேருக்கு மேல் வேண்டாம். இரண்டு இரவுகளுக்கு மேலும் வேண்டாம். ஒரே பகலில் போய்த் திரும்புவது பார்வையாளர் வேலையாகிவிடும். ஒரு வாரம் தங்குவதாக இருந்தால் விருந்தாளி என்ற நிலையை விட்டுவிட்டு, சோற்றுக்கும் வேலைக்கும் பங்காளியாக வருவதாக முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

வழி

மதுரையில் உசிலம்பட்டி, தேனிப் பக்கம் போகும் பேருந்துகள் ஆரப்பாளையத்திலிருந்தும், மேலூர்ப் பக்கம் போகிறவை மாட்டுத்தாவணியிலிருந்தும் புறப்படுகின்றன. நண்பரின் நிலம் டி. கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் என்றால் திருமங்கலம் வழியாகப் போக வேண்டும். சிக்கல் பெரிய சாலையில் இல்லை. ஊர்ப் பாதை பிரியும் விலக்கில் இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. அங்கிருந்து உள்ளே போகும் நகரப் பேருந்தோ மினி பஸ்ஸோ ஒரு நாளைக்குச் சில நடைகளே வரும்; கடைசி நடை மாலையிலேயே முடிந்துவிடலாம். எந்த விலக்கு, அங்கே எத்தனை மணிக்கு எந்த வண்டி, அதைத் தவறவிட்டால் யாருடைய ஆட்டோ, அதுவும் இல்லையென்றால் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடையைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில் கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைப்பது உறுதியில்லை. கூகுள் மேப்பும் வண்டிப்பாதைக்கும் வாய்க்கால் கரைக்கும் வேறுபாடு தெரியாமல் கூட்டிக்கொண்டு போகும். "கண்மாய்க் கரை முடிகிற இடத்தில் அய்யனார் கோயில், அதற்குத் தென்புறம் ஒற்றைப் புளியமரம்" என்பது போன்ற அடையாளங்கள் ஒருபோதும் ஏமாற்றுவதில்லை.

ஊர்த் திண்ணையில் இருக்கும் பெரியவர்கள் "யாரு வீட்டுக்குப்பா போறீக?" என்று கேட்பார்கள். நின்று, நண்பரின் பெயரையும் உங்கள் ஊரையும் சொல்லிவிட்டுப் போங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் அதன் பலனை அனுபவிக்கிறவர் உங்கள் நண்பர்தான். தற்சார்பு வாழ்க்கை என்று நாம் எதைச் சொன்னாலும், உழவுக்கு மாடு, அறுப்புக்கு ஆள், பாம்பு வந்தால் ஒரு குரல் என எத்தனையோ காரியங்களுக்கு அவர் அந்த ஊரை நம்பித்தான் இருக்கிறார்.

இந்த வட்டாரத்துக்கு அவருடைய முயற்சி புதுமையும் அன்று. டி. கல்லுப்பட்டியில் 1940இல் தொடங்கப்பட்ட காந்தி நிகேதன் ஆசிரமம் இன்றும் இருக்கிறது. கிராமத் தொழில்களையும் கிராமத் தன்னிறைவையும் பற்றி வாழ்நாள் முழுதும் சிந்தித்த ஜே. சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை அங்கேதான் கழித்தார்; 1960 ஜனவரி 30இல் மறைந்தார். போகிற வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஆசிரமத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம். அப்படிப் பார்த்துவிட்டுப் போகிறவர், நண்பரின் வீட்டில் போய் நின்று "இந்தக் காலத்தில் இப்படியும் ஒருவரா!" என்று வியந்து அவரைக் கூச்சப்படுத்த மாட்டார்.

தண்ணீர்

மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடுகிறது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். முப்பது சதுர மீட்டர் ஓட்டுக் கூரையில் 400 மில்லிமீட்டர் பெய்தால் கணக்குப்படி 12,000 லிட்டர் வரும். சிதறலும் முதல் மழையில் கூரை கழுவிய அழுக்குத் தண்ணீரும் போக 10,000 லிட்டர் தொட்டியில் சேர்ந்தது என்று வையுங்கள். மூன்று பேர் உள்ள வீடு, குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்குப் பத்து லிட்டர் வீதம் நாளொன்றுக்கு முப்பது லிட்டர் எடுத்தால், தை முதல் தேதியிலிருந்து அடுத்த ஐப்பசி வரை ஏறக்குறைய 270 நாட்களுக்கு 8,100 லிட்டர் ஆகும். மிச்சம் இருப்பது 1,900 லிட்டர்; பருவமழை பதினைந்து நாள் தாமதித்தால் அதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இப்போது நான்கு பேர் மூன்று நாள் போகிறீர்கள். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் 120 லிட்டர், அதாவது அந்த வீட்டின் நான்கு நாள் தண்ணீர். அதே தொட்டியிலிருந்து இருபது லிட்டர் வாளியில் ஆளுக்கு இரண்டு வாளி மொண்டு தினமும் குளித்தால் இன்னும் 480 லிட்டர் போகும்; அது பதினாறு நாள் தண்ணீர். ஆகவே போன உடனே கேட்க வேண்டிய முதல் கேள்வி, "குடிக்கிற தண்ணீர் எது, புழங்குகிற தண்ணீர் எது?" என்பதுதான். பெரும்பாலும் குளிக்கவும் துவைக்கவும் கிணற்றுத் தண்ணீர் இருக்கும். அது கொஞ்சம் உப்புக் கரித்தால் தலைமுடி இரண்டு நாள் பிசுபிசுக்கும், பொறுத்துக்கொள்ளலாம்.

குளிக்கும் இடத்திலிருந்து வடியும் தண்ணீர் நேராக வாழைக்கும் கீரைப் பாத்திக்கும் போகும்படி வாய்க்கால் வெட்டியிருப்பார்கள். எனவே ஷாம்பு, சலவைத்தூள், டெட்டால் ஆகியவற்றை மதுரையிலேயே விட்டுவிட்டு, சீயக்காயும் பாசிப்பயற்று மாவும் எடுத்துப் போங்கள். கழிவறை சாம்பல் தூவும் உலர் கழிவறையாக இருந்தால் அதன் முறையைக் கூச்சப்படாமல் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சிறுநீர் ஒரு வழியிலும் மலம் ஒரு குழியிலும் போக, கழுவுவதற்குத் தனி இடம் இருக்கும். முடிந்ததும் இரண்டு கை சாம்பல் தூவி மூட வேண்டும். பழக்கதோஷத்தில் ஒரு வாளித் தண்ணீரை அந்தக் குழிக்குள் ஊற்றிவிட்டால், மாதக்கணக்கில் உலர்ந்து எருவாகிக்கொண்டிருந்தது நாற்றமெடுத்துப் புழு வைத்துவிடும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்டிய பிறகே தனியே அனுப்புங்கள்.

மின்சாரம்

சூரியத் தகட்டிலிருந்து மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று காகிதக் கணக்கில் 1,800 வாட்-மணி மின்சாரம் தரும்; ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வற்றவிட்டால் அதன் ஆயுள் குறையும் என்பதால் புழங்கக்கூடியது 900 தான். நான்கு எல்.இ.டி. விளக்குகளும் சிக்கனமான மின்விசிறி ஒன்றும் ஓர் இரவு ஓடச் சுமார் 400 ஆகும். கைப்பேசி, மடிக்கணினி எல்லாவற்றையும் வெயில் அடிக்கும் பகலில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். இஸ்திரிப்பெட்டி, முடி உலர்த்தி, தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் ஆகியவை பெரும்பாலும் ஆயிரம் வாட்டை ஒட்டியோ அதற்கு மேலோ இழுப்பவை. சிறிய இன்வெர்ட்டர் அவற்றைத் தாங்காமல் உடனே அணைந்துவிடும். சுவரில் பேட்டரியின் வோல்ட்டைக் காட்டும் சிவப்பு எண் மீட்டரை நண்பர் இரவில் அடிக்கடி ஏறிட்டுப் பார்ப்பதைக் கவனியுங்கள். அதில் 12.2 என்று வந்தால் விளக்கை அணைத்துவிட்டு முற்றத்தில் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் என்று பொருள்.

என்ன கொண்டுபோவது

பிஸ்கட் பாக்கெட்டுகளும் பேக்கரி இனிப்புகளும் வேண்டாம். அவற்றின் பிளாஸ்டிக் உறைகளை அள்ள அங்கே குப்பை வண்டி வராது; எரிப்பதா புதைப்பதா என்ற தலைவலியை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு வரக் கூடாது. நிலத்தில் விளையாதது எது, வீட்டில் செய்ய முடியாதது எது என்று யோசித்தால் பட்டியல் தானாக வரும். முதலில் கல்லுப்பு. பிறகு தீப்பெட்டிக் கட்டு, காப்பித்தூள், வெல்லம், பெருங்காயம், மிளகு, சீரகம். மதுரைக் கீழமாசி வீதிப் பலசரக்குக் கடைகளில் இவற்றை மொத்தமாகத் தாள் பொட்டலத்திலோ நீங்கள் கொண்டுபோகும் துணிப் பையிலோ கட்டி வாங்கிக்கொள்ளலாம்.

இவற்றைவிட மதிப்புள்ளவை இரும்புச் சாமான்கள். அரம், ரம்ப பிளேடு, ஆணி, மரை போல்ட், பைக் டியூப் ஒட்டும் சாமான், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், கைப்பம்புக்குத் தோல் வாஷர் என்று ஏதாவது ஒன்று அவருக்குக் கட்டாயம் தேவைப்பட்டுக்கொண்டிருக்கும். அதற்காகவே ஒரு நாளை வீணாக்கி டவுனுக்கு வர வேண்டியிருப்பதால் தள்ளிப் போட்டுக்கொண்டிருப்பார். "டவுன்ல வாங்க வேண்டியது ஏதாவது இருந்தா அளவோட சொல்லுங்க" என்று ஒரு வாரத்துக்கு முன்னரே கேட்டுவிடுங்கள். அளவு முக்கியம், முக்கால் அங்குலக் குழாய்க்கு ஓர் அங்குல இணைப்பானை வாங்கிப் போய்ப் பயனில்லை. வீட்டில் முதியவர் இருந்தால் அவருடைய மாத்திரைச் சீட்டைக் கேட்டு ஒரு மாதத்துக்கு உரியதை வாங்கிப் போகலாம். பிள்ளைகள் இருந்தால் புத்தகமும் வரைதாளும்.

நர்சரிச் செடிகளைக் கொண்டுபோகாதீர்கள். மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் தொட்டிச் செடியோடு பயணம் செய்யும். கடை வீரிய ரக விதைகளும் வேண்டாம். அவர் தம் மொச்சையிலும் கத்தரியிலும் ஆண்டுதோறும் விதை எடுத்து வைப்பவராக இருப்பார். உங்கள் தெருவில் ஏதாவது அப்பத்தா பழைய நாட்டுச் சுரை விதையைச் சாம்பலில் புரட்டி வைத்திருந்தால் அதில் நான்கு வாங்கிப் போங்கள். அதற்கு மேலான வெகுமதி கிடையாது.

அடுப்படியும் காடும்

தற்சார்பைப் பற்றி அழகாகப் பேசுகிறவர் பெரும்பாலும் ஆணாக இருப்பார். உரலுக்கு முன்னால் நிற்பவர் அவருடைய மனைவியாக இருப்பார். விருந்தாளியின் சுமை முழுவதும் போய் விழுவது அவர் மீதுதான். குதிரைவாலிச் சோறு தட்டில் வெள்ளையாக வந்து நிற்பதற்கு முன், உமியோடு இருக்கும் தானியத்தை வெயிலில் காயவைத்து, உரலில் இட்டு உலக்கையால் குத்தி, சுளகில் இட்டுப் புடைத்து, உமி போகாமல் தங்கிய மணிகளைத் திரும்பவும் உரலில் இட்டுக் குத்த வேண்டும். மணி கடுகை ஒத்த சிறியது. வேகமாகக் குத்தினால் நொய்யாகிவிடும், மெதுவாகக் குத்தினால் உமி போகாது. நான்கு பேர் கூடுதலாக உண்டால் இந்த வேலை அப்படியே இரட்டிக்கிறது. எனவே முதல் நாள் மாலையே நீங்கள் உலக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஆண்களும்தான். "நீங்க உக்காருங்கண்ணே" என்று அவர் தடுப்பார். "நாளைக்கு எனக்கும் சோறு வேணும்ல தங்கச்சி" என்று சொல்லிவிட்டுக் குத்தத் தொடங்குங்கள். கை கன்றிவிட்டால் விறகு எடுத்து வரலாம், மொச்சை உரிக்கலாம், பாத்திரம் துலக்கலாம்.

கோழி அடிக்கச் சொல்லி மறைமுகமாகக்கூடக் கேட்காதீர்கள். முற்றத்தில் மேயும் எட்டுக் கோழிகளில் எது அடையில் இருக்கிறது, எது முட்டைக்கு, எது விற்பதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. அவராக அடித்து வைத்தால் மிச்சம் வைக்காமல் உண்ணுங்கள். பாலும் அப்படித்தான்: கன்றுக்குப் போக மீதி என்பதால், மூன்றாவது காப்பியைக் கேட்பதற்கு முன் கடுங்காப்பி போதும் என்று சொல்லிப் பழகுங்கள்.

காட்டு வேலையில் உதவப் போகிறவர்கள் அரிவாளைத் தொடுவதற்கு முன், எது பயிர் எது களை என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள். களை எடுக்கிறேன் என்று இறங்கி, முளைத்து இரண்டு இலை விட்டிருக்கும் சாமையைப் புல் என்று பிடுங்கிப் போடுகிற ஆர்வம் யாருக்கும் உதவாது. கல் பொறுக்குவது, எரு சுமப்பது, வேலிக்கு முள் வெட்டிப் போடுவது ஆகியவை புதியவர்களுக்கு ஏற்ற வேலைகள்.

இந்தச் சமயத்தில் கேட்கக் கூடாத கேள்விகள் சில உண்டு. "மாசம் எவ்வளவு மிஞ்சும்?" "பிள்ளையோட எதிர்காலத்தை யோசிச்சீங்களா?" "எப்பத் திரும்பி வர்றதா உத்தேசம்?" அவருடைய மாமனார் வீட்டில் இவை எல்லாமே ஏற்கெனவே பல முறை கேட்கப்பட்டிருக்கும்.

இரவும் பாதுகாப்பும்

வெளிச்சம் போன பிறகு டார்ச் இல்லாமல் ஓர் அடிகூட எடுத்து வைக்க வேண்டாம். கழிவறைக்குப் போவதானாலும் சரி. நாகம், கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் இந்தப் பகுதியில் உண்டு. இவற்றில் கட்டு விரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் தெரியாது, விடியும்போது வயிற்றுவலியும் கண் இமை சரிவதுமாக வெளிப்படும். கட்டிலில் படுங்கள், தரையில்தான் இடம் என்றால் கொசுவலையின் ஓரங்களைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள். காலையில் செருப்பை உதறிப் போடுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்துக்கொண்டு, நாட்டு மருந்து என்று நேரத்தைக் கடத்தாமல், விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். அது எது, ராத்திரியில் யாருடைய வண்டி கிடைக்கும், 108ஐ அழைக்கச் சமிக்ஞை எந்த மேட்டில் எட்டும் என்பதைப் போன அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாகவே எடுத்துப் போங்கள்.

அடுத்தவர் நிலத்துக்குள் இரவில் குறுக்கு வழியில் நடக்காதீர்கள். காட்டுப்பன்றிக்காகச் சட்டத்துக்கு விரோதமாக மின்கம்பி கட்டும் வழக்கம் அங்கங்கே இருக்கிறது. மனிதர்களும் அதில் சிக்கி இறந்திருக்கிறார்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத, தரையோடு தரையாக வாய் திறந்து கிடக்கும் கிணறுகளையும் வந்த அன்று பகலிலேயே பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும். மலை பக்கத்தில்தானே இருக்கிறது என்று ஏறிப் பார்க்க ஆசைப்பட்டு நண்பரைத் தொந்தரவு செய்யவும் கூடாது. சாப்டூர்க் காடுகள் 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் பலர் இறந்த பிறகு கட்டுப்பாடும் இறுகியிருக்கிறது. நீங்கள் அனுமதியில்லாமல் ஏறினால், நீங்கள் ஊருக்குப் போன பிறகு வனத்துறைக்குப் பதில் சொல்லப் போகிறவர் அந்த எல்லையிலேயே குடியிருக்கும் நண்பர்.

கிளம்பும்போது

நீங்கள் கொண்டுவந்த உறை, பாட்டில், பழைய பேட்டரி, நாப்கின் அத்தனையையும் திருப்பி எடுத்துக்கொண்டு வாருங்கள். அவர் வீட்டில் சேர்ந்து கிடக்கும் பழைய பல்பும் டப்பாவும் இருந்தால் அவற்றையும் கேட்டு வாங்கி வந்தால் நல்லது. செக்கில் ஆட்டிய எண்ணெயோ தேனோ விலைக்கு வேண்டும் என்றால், மற்றவர்களுக்கு அவர் என்ன விலைக்குக் கொடுக்கிறாரோ அதையே பேரம் பேசாமல் கொடுங்கள். விலை சொல்லக் கூச்சப்படுவார் என்பதால் வீட்டு அம்மாவிடம் கேட்பது மேல். இலவசமாகத் தூக்குவாளியில் மொச்சையும் முருங்கைக்காயும் கட்டித் தருவதை மறுக்க வேண்டாம்; கொஞ்சமாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூக்குவாளி வெறுமையாகத் திரும்பிப் போகக் கூடாது. அடுத்த முறை ஒரு கிலோ கல்லுப்போ வெல்லமோ போட்டுக் கொடுத்து அனுப்புங்கள்.

படம் எடுத்தால் வீட்டாரிடம் காட்டிக் கேட்ட பிறகே வெளியிடுங்கள். இடத்தின் பெயரையும் மேப் குறியையும் சேர்த்துப் போடாதீர்கள். போட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் வேன் வைத்துக்கொண்டு வந்து இறங்குவார்கள். அவர்களுக்கும் அதே 10,000 லிட்டர் தொட்டியிலிருந்துதான் தண்ணீர் மொண்டு கொடுக்க வேண்டும். உங்கள் அலுவலகத்தில் யாராவது போக ஆசைப்பட்டால் நண்பரின் எண்ணைக் கொடுக்காமல், அவர்களுடைய எண்ணை வாங்கி நண்பரிடம் கொடுங்கள். தோதுப்படும்போது அவரே அழைத்துப் பேசிக்கொள்வார்.